மூன்றாவது புள்ளி

ஈழத்துத் தமிழிற் 'புள்ளி' என்னுஞ் சொல் மாணவன் ஒருவனுக்கு இரு பொருள்களைத் தருகின்றது. கணித வகுப்பில் அது வரைபுத்தாளிற் குறிக்கப்படும் ஓரிடம். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளிலோ அவன் ஈட்டிய மதிப்பு. முன்னையது பென்சிலாற் குறிக்கப்பட்டு அழிப்பானால் அழிக்கப்படுவது. பின்னையது ஒரு வீட்டின் எதிர்காலத்தையே சுமந்து நிற்பது. இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றினும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றில் அவை ஒரே தாளில் வந்து சந்தித்தன. அச்சந்திப்பை விளங்கிக்கொள்வதற்குப் பெருங் கணித அறிவு வேண்டியதில்லை. பத்தாம் பதினோராம் வகுப்புகளிற் கற்பிக்கப்படும் ஒரு சிறு செயல்முறை, அதாவது வரையப்பட்ட நேர்கோடொன்றிலிருந்து அதன் சமன்பாட்டைக் காணும் முறை, போதுமானதாகும். ஆயினும் அச்சிறு செயல்முறையை முற்றாகவும் நேர்மையாகவும் கையாளுதல் அத்துணை எளிதன்று என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

முதலிற் செயல்முறையை நோக்கலாம். கிடையச்சில் அளக்கப்படும் கணியத்தை ய எனவும் நிலைக்குத்தச்சில் அளக்கப்படுவதை ர எனவும் கொண்டால், நிலைக்குத்தாக அமையாத எந்த நேர்கோட்டையும் ர = ம × ய + க என்னும் வடிவில் எழுதலாம். இதில் ம என்பது படித்திறன். க என்பது வெட்டுத்துண்டு. கிடையாக ஓரலகு நகரும்போது கோடு எத்தனை அலகு ஏறுகின்றது என்பதைப் படித்திறன் கூறும். ய பூச்சியமாக இருக்கும்போது கோடு எவ்வுயரத்தில் நிற்கின்றது என்பதை வெட்டுத்துண்டு கூறும். எனவே கோடு எத்துணை நீளமுடையதாயினும் அதன் முழு இயல்பும் இவ்விரு எண்களில் அடங்கிவிடுகின்றது. வடிவத்தை எண்ணாகவும் எண்ணை வடிவமாகவும் மாற்றும் இவ்வாற்றலை 1637 ஆம் ஆண்டிற் பிரான்சிய அறிஞர் தெக்காட்டு வெளியிட்ட கேத்திரகணித நூல் உலகுக்கு அளித்தது. இன்று கிராமத்துப் பாடசாலையொன்றின் வாங்கில் அமர்ந்திருக்கும் சிறுவனுக்கும் அது பொதுச்சொத்தாகும்.

எடுத்துக்காட்டாக, கோடொன்று (2, 7), (6, 15) என்னும் புள்ளிகளூடாகச் செல்கின்றது எனக் கொள்வோர், முதலில் ஏற்றத்தைக் காண்பர்: 15 இலிருந்து 7 ஐக் கழிக்க 8. அடுத்துக் கிடைநகர்வு: 6 இலிருந்து 2 ஐக் கழிக்க 4. எட்டை நான்கால் வகுக்கப் படித்திறன் 2 ஆகின்றது. பின்னர் ஏதேனும் ஒரு புள்ளியைச் சமன்பாட்டிற் பிரதியிட வேண்டும். 7 = 2 × 2 + க; ஆகவே க = 3. கோட்டின் சமன்பாடு ர = 2ய + 3 ஆகும். இத்துடன் வேலை முடிந்ததெனப் பலர் பேனையை மூடிவிடுவர். ஆனால் நல்லாசிரியர் இவ்விடத்தில் மேலும் ஒரு படியை வற்புறுத்துவார். கோட்டின் மீதுள்ள மூன்றாவது புள்ளியொன்றை எடுத்து, அது சமன்பாட்டுக்கு அமைகின்றதா என்று பார்க்கச் சொல்வார். (4, 11) கோட்டின் மேல் இருப்பின், 2 × 4 + 3 = 11 எனச் சமன்பாடு சரிபார்க்கப்படும்.

இம்மூன்றாவது படியின் அவசியம் யாது? எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றினூடாக ஒரு நேர்கோட்டை வரைந்துவிடலாம். இரு புள்ளிகள் ஒருபோதும் ஒரு கோட்டை மறுப்பதில்லை. ஆகையால், தரப்பட்ட புள்ளிகள் உண்மையிலேயே ஒரு நேர்கோட்டு விதிக்கு அமைந்தவையா என்பதை இரு புள்ளிகளால் அறிய முடியாது. அதனைக் கூறவல்ல சாட்சி மூன்றாவது புள்ளியே.

செயல்முறையில் நேரும் வேறிரு வழுக்களும் அறியற்பாலன. ஒன்று, அச்சுகளின் அளவுத்திட்டத்தை நோக்காது சதுரங்களை மட்டும் எண்ணிப் படித்திறனைக் கூறுதல். கிடையச்சில் ஒரு சதுரம் 10 அலகையும் நிலைக்குத்தச்சில் ஒரு சதுரம் 2 அலகையும் குறிக்குமாயின், 45 பாகையிற் சரிந்து நிற்கும் கோட்டின் படித்திறன் ஒன்றன்று, ஐந்தில் ஒன்றேயாகும். செங்குத்தாக எழுவது போலத் தோன்றும் கோடு மெல்லென ஏறுவதாயிருக்கலாம். படுத்திருப்பது போலத் தோன்றுவது விரைந்து ஏறுவதாயும் இருக்கலாம். மற்றது, அச்சுகள் பூச்சியத்திலிருந்து தொடங்காத வரைபுகளில், தாளின் இடது ஓரத்தைக் கோடு தொடும் இடத்தையே வெட்டுத்துண்டெனக் கொள்ளுதல். முதல் வழு வேகத்தைப் பற்றிய மயக்கத்தையும், இரண்டாவது தொடக்கத்தைப் பற்றிய மயக்கத்தையும் விளைவிக்கும்.

ஈழத்தில் 'படித்திறன்' என வழங்குவதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'சாய்வு' என்கின்றன. இரண்டும் நற்சொற்களே. சாய்வு கோட்டின் தோற்றத்தைச் சொல்கின்றது; படித்திறனோ தன்னகத்தே படியைக் கொண்டிருத்தலால், ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு ஏற்றம் என்ற கணக்கை நினைவூட்டுகின்றது. இச்சொற்களைத் தேடியெடுத்த முயற்சிக்குக் குடாநாட்டில் நீண்ட பின்னணி உண்டு. 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிற் கணிதம் உயர்நிலையிற் கற்பிக்கப்பட்டது. அங்கு பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855 இல் 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். செமினரி மூடப்பட்டதும் அதே ஆண்டிலேயாம். பின்னர் 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் திகழ்ந்தோர் அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமே. அறியப்படாத கணியத்துக்கு ஓர் எழுத்தை வழங்கி, அதனைத் தேடிச் செல்லும் கலை தமிழில் அச்சேறியபோது, அக்கலை பின்னொரு காலத்தில் தம் வழிவந்தோரின் வாழ்க்கைக் கணக்காகவும் மாறும் என்பதை அவர்கள் எண்ணியிருத்தல் இயலாது.

குடாநாட்டிற் கல்வி பெற்ற இடத்தை அதன் நிலத்தைக் கொண்டே விளக்குதல் மரபு. சுண்ணக்கல் மீது பரந்த மென்மண். வற்றாத நதியொன்றும் இல்லாமை. கிணற்று நீரை இறைத்துச் செய்யும் தோட்டம். பாகம் பிரிக்கப் பிரிக்கச் சுருங்கும் காணி. இச்சூழலில் அரசாங்க உத்தியோகமும் அதற்கு வழிசெய்யும் கல்வியும் மற்றொரு விளைநிலமாயின. மிசனரிப் பாடசாலைகளும் அவற்றுக்கு எதிராக எழுந்த சைவப் பாடசாலைகளும் போட்டியிட்டு வளர்ந்தன. சுயமொழிக் கல்வி உயர்தர விஞ்ஞான வகுப்புவரை விரிந்தபோது, கணிதமும் பௌதிகமும் தமிழிலேயே கற்பிக்கப்பட்டன. வெண்கட்டியும் அடிமட்டமும் இருந்தாற் கற்பிக்கக்கூடிய பாடங்கள் என்ற வகையில் அவை இம்மண்ணுக்கு ஏற்ற பயிர்களாகவும் அமைந்தன. 1970 ஆம் ஆண்டளவில் மருத்துவ, பொறியியற் பீடங்களுக்குத் தெரிவானோருள் தமிழ் மாணவர் விகிதம் நாட்டின் சனத்தொகையில் அவர்களது விகிதத்தினும் உயர்ந்திருந்தது. அவ்வுயர்வு ஒருசாராருக்கு உழைப்பின் பயனாகவும் மறுசாராருக்கு நீதியற்ற நிலையாகவும் தோன்றியது.

இவ்விடத்திலேதான் பரீட்சைப் புள்ளிகள் வரைபுப் புள்ளிகளாகின்றன. 1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், நான்கு பாடங்களின் மொத்தப் புள்ளிகளைக் கொண்டு சிங்கள மொழிமூல மாணவருக்கு ஒரு வெட்டுப்புள்ளியும் தமிழ் மொழிமூல மாணவருக்கு வேறொரு வெட்டுப்புள்ளியும் வகுக்கப்பட்டன. வரலாற்றறிஞர் சி. ஆர். டி சில்வா முதலியோர் இவ்விடயத்தை ஆராய்ந்துள்ளனர். மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூலத்தில் 229, தமிழ் மொழிமூலத்தில் 250. பொறியியலுக்கு 227, 250. பௌதிக விஞ்ஞானத்துக்கு 183, 204. உயிரியல் விஞ்ஞானத்துக்கு 175, 184. மிருக வைத்தியத்துக்கு 181, 206. கட்டடக்கலைக்கு 180, 194.

இவ்வாறு சோடிகளையும் வரைபுத்தாளிற் குறித்துப் பார்த்தல் பயனுடையதாகும். சிங்கள மொழிமூல வெட்டுப்புள்ளியைக் கிடையச்சிலும் தமிழ் மொழிமூல வெட்டுப்புள்ளியை நிலைக்குத்தச்சிலும் கொள்ளலாம். இரு மொழிமூலத்தாருக்கும் ஒரே வெட்டுப்புள்ளி இருந்திருப்பின் எல்லாப் புள்ளிகளும் ர = ய என்னும் கோட்டின் மீது கிடந்திருக்கும். ஆனால் ஆறு புள்ளிகளும் அக்கோட்டுக்கு மேலேயே அமைகின்றன. இதுவரை ஐயத்துக்கு இடமில்லை.

அடுத்து, பௌதிக விஞ்ஞானத்தையும் மருத்துவத்தையும் குறிக்கும் (183, 204), (229, 250) என்னும் புள்ளிகளை எடுக்கலாம். ஏற்றம் 46, கிடைநகர்வும் 46. படித்திறன் சரியாக ஒன்று. வெட்டுத்துண்டு 21. சமன்பாடு ர = ய + 21 எனப் பெறப்படும். விடை மிகத் துப்புரவாக வந்துவிடுகின்றது. படித்திறன் ஒன்றாயிருத்தலின் ஏறும் வேகத்தில் வேறுபாடில்லை; ஒரு பிரிவினர் மற்றவரைவிட எப்போதும் 21 புள்ளிகள் மேலே நின்றே வாயிலைக் கடக்க வேண்டும் என்பதே இதன் பொருள். இதனைக் கண்ட எவரும் "இதோ விதி அகப்பட்டது" என மகிழக்கூடும். மேடையிற் பேசுவோருக்கு இதனிலும் வசதியான சமன்பாடு கிடையாது.

ஆனால் மூன்றாவது புள்ளியை அழைத்தல் வேண்டும். பொறியியலுக்கு இச்சமன்பாடு 248 ஐத் தருகின்றது. உண்மையில் இருந்தது 250. மிருக வைத்தியத்துக்கு 202; இருந்தது 206. இவை சிறு வேறுபாடுகள் எனப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டடக்கலைக்குச் சமன்பாடு 201 என்கின்றது, இருந்ததோ 194. உயிரியல் விஞ்ஞானத்துக்கு 196 என்கின்றது, இருந்தது 184. பன்னிரண்டு புள்ளிகளின் வேறுபாட்டைச் சிறிதென ஒதுக்க முடியாது. ஆகவே ர = ய + 21 என்பது எல்லாப் பீடங்களுக்கும் பொருந்தும் விதியன்று; தெரிந்தெடுக்கப்பட்ட இரு புள்ளிகளின் இணக்கம் மாத்திரமே.

வேறிரு புள்ளிகளைத் தெரிந்தெடுத்தால் என்ன நேரும் என்பதையும் பார்க்கலாம். உயிரியல் விஞ்ஞானம் (175, 184), பௌதிக விஞ்ஞானம் (183, 204) ஆகியவை தாளில் அருகருகே கிடப்பவை. ஏற்றம் 20, கிடைநகர்வு 8, படித்திறன் 2.5. வெட்டுத்துண்டு மறை 253.5. இச்சமன்பாட்டை நம்பி மருத்துவத்துக்கு வருவோர் தமிழ் மொழிமூல வெட்டுப்புள்ளி 319 எனக் கூற நேரிடும். உண்மையில் 250 ஆக இருந்ததை 319 எனக் காட்டும் இக்கோடும் இரு உண்மைப் புள்ளிகளிலிருந்தே பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒன்றுக்கொன்று அருகிலுள்ள புள்ளிகளைக் கொண்டு கோடு வரைதல் கூடாது என ஆசிரியர்கள் எச்சரிப்பதன் காரணம் இதுவே. அண்மையிலுள்ள புள்ளிகளில் நேரும் சிறு மாற்றம், கோடு நீளும்போது பெருந்தவறாக வளர்ந்துவிடும். அன்றியும், கிடையச்சை 170 இலிருந்து தொடங்கி ர = ய + 21 ஐ வரைவோர், தாளின் இடது ஓரத்தில் 191 ஐக் கண்டு அதனையே வெட்டுத்துண்டெனக் கொள்ளவும் கூடும். உண்மைத் தரவுகளைக் கொண்டே உண்மைக்குப் புறம்பான சமன்பாடுகளை எழுத முடியும் என்பதற்கு இவை சான்றுகள்.

அவ்வாறாயின் ஆறு புள்ளிகளும் எதனைக் கூறுகின்றன? பௌதிக ஆய்வுகூடத்திற் சுருளிவில்லின் நீட்சியை அளக்கும் மாணவனுக்கும் புள்ளிகள் சற்றே சிதறிக் கிடக்கும். அச்சிதறல் அளவீட்டு வழுவால் விளைவது. ஆகவே அவற்றுக்கு நடுவே மிகப் பொருத்தமான கோடொன்றை வரைந்து, இயற்கையின் விதி இதுவென அவன் கூறலாம். 1971 இன் வெட்டுப்புள்ளிகள் அத்தகையன அல்ல. அவை அளக்கப்பட்டவையல்ல, வகுக்கப்பட்டவை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு தீர்மானம். பொறியியலுக்கு 23, உயிரியல் விஞ்ஞானத்துக்கு 9 என வேறுபாடுகள் மாறுபட்டமை, அங்கு முன்னரே வகுத்த ஒரே சமன்பாடு ஆட்சி செய்யவில்லை என்பதைப் புலப்படுத்துகின்றது. விதியற்ற நிலையே அந்த வரைபு தரும் விடை. "எல்லாருக்கும் 21 புள்ளிகள் வெட்டப்பட்டன" என்னும் கூற்றைவிட இது நுண்ணியது. குற்றச்சாட்டு என்ற அளவில் வன்மையும் மிக்கது. ஏனெனில் விதியொன்று கடுமையானதாயினும் அதனை எடுத்துக்காட்டி வாதிடலாம். விதி இல்லாதவிடத்து வாதிடுதற்கு எதுவுமில்லை.

1973 ஆம் ஆண்டில் தரப்படுத்தல் வந்தபோது நிலைமை வேறாயிற்று. இப்போது மெய்யாகவே நேர்கோடொன்று உருவாயிற்று. ஒவ்வொரு மொழிமூலத்தாரின் புள்ளிகளும் பொது அளவுத்திட்டமொன்றுக்கு மாற்றப்பட்டன. தோற்றியோரின் விகிதத்துக்கு ஏற்பத் தகுதி பெறுவோரின் விகிதமும் அமைவதே அதன் விளைவு. தரப்படுத்தலின் பின்னுள்ள கணிதத்தைப் புனைந்த எண்களால் விளக்கலாம். ஒரு பாடத்தில் முதற் குழுவின் இடை 40, நியம விலகல் 10 எனவும், இரண்டாம் குழுவின் இடை 50, நியம விலகல் 15 எனவும் கொள்ளப்படுக. பொது அளவுத்திட்டத்தின் இடை 50, நியம விலகல் 15 ஆகட்டும். முதற் குழுவுக்குரிய கோட்டின் படித்திறன் 15 ஐப் 10 ஆல் வகுக்க வரும் 1.5, அக்குழுவின் இடையான 40, 50 ஆக மாறவேண்டுமாதலின் வெட்டுத்துண்டு மறை 10. எனவே ர = 1.5ய − 10. இரண்டாம் குழுவுக்கு ர = ய. இப்போது இரு குழுக்களிலும் 50 புள்ளிகள் பெற்ற இருவரை நோக்கினால், முதல்வருக்கு 65 உம் இரண்டாமவருக்கு 50 உம் வழங்கப்படும்.

கணக்கிற் பிழையில்லை. ஆனால் அக்கணக்குத் தன்னுள் ஒரு கருதுகோளை மறைத்து வைத்திருக்கின்றது. இரு குழுக்களின் இடைகளும் வேறுபடுவதற்குக் காரணம் வினாத்தாளின் கடுமையோ திருத்துநரின் கண்டிப்போ ஆகலாம். அல்லது மாணவர் பெற்ற பயிற்சியின் வேறுபாடும் ஆகலாம். முன்னையதே காரணமாயின் தரப்படுத்தல் ஓர் அநீதியைத் திருத்துகின்றது. பின்னையது காரணமாயின் அது ஓர் அநீதியைப் பிறப்பிக்கின்றது. இரு நிலைகளிலும் கோடு ஒன்றே, சமன்பாடும் ஒன்றே. வரைபை எத்துணை உற்று நோக்கினும் இவ்விரண்டில் எது உண்மை என்பது அதில் எழுதப்பட்டிராது. குழுக்கள் இரண்டும் சமம் என்ற முடிவு முதலில் எடுக்கப்பட்டுப் பின்னர் வெட்டுத்துண்டாக உருமாற்றப்படுகின்றது. படித்திறனைப் பற்றி வாதிடுவோர் பலர். வெட்டுத்துண்டு எங்கிருந்து வந்ததென வினவுவோர் சிலரே.

1974 ஆம் ஆண்டில் தரப்படுத்தலுடன் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. பொறியியலுக்குத் தெரிவான தமிழ் மாணவரின் விகிதம் 1973 இல் 24.4 வீதமாக இருந்து 1974 இல் 16.3 வீதமாகவும், மருத்துவத்தில் 36.9 வீதத்திலிருந்து 25.9 வீதமாகவும் குறைந்தது. மாவட்ட ஒதுக்கீட்டை மொழிவழித் தரப்படுத்தலோடு ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது. ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாத பிரதேசத்து மாணவனின் தொடக்கம் தாழ்ந்திருக்கின்றது என்பது காணக்கூடிய உண்மை; அதற்கு ஈடுசெய்ய முனைதல் வெளிப்படையான கொள்கை. மொழியொன்றைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டதோ வேறு. கொழும்பில் வசதியான பாடசாலையில் சிங்களத்திற் கற்றவனும் மன்னாரில் ஓலைக்கொட்டிலில் தமிழிற் கற்றவனும் அக்கோட்டின் முன் தலைகீழாக நிறுத்தப்பட்டனர். அதே 1974 ஆம் ஆண்டில், திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரி இருந்த வளவில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. ஒரு வாயில் ஒடுங்கிய காலத்திலேயே மற்றொரு வாயில் திறந்தது. இருப்பினும், அடிமட்டத்தை வைத்துத் தன் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, நண்பனின் புள்ளிகளோடு ஒப்பிட்டு, விளக்கம் பெறாது நின்ற ஒரு தலைமுறையின் மனக்கசப்பு பின்னைய பல துயரங்களுக்கு ஊற்றுகளில் ஒன்றாயிற்று என்பதை ஆய்வாளர் பலரும் ஏற்பர்.

குடாநாடு தன்னையும் இவ்வரைபில் வைத்து நோக்குதல் நேர்மையாகும். வலிகாமத்தின் பெருங் கல்லூரிகளில் தொடங்கும் கோடும் தீவகத்துச் சிறு பாடசாலையில் தொடங்கும் கோடும் ஒரே உயரத்திலிருந்து எழுவதில்லை. 1930 ஆம் ஆண்டை அண்டிய காலத்திற் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் வழங்க முற்பட்டபோது இங்கு எழுந்த எதிர்ப்பு வரலாற்றிற் பதிவாகியுள்ளது. நிலத்தில் அமர்த்தப்பட்ட பிள்ளையின் வெட்டுத்துண்டைப் பற்றி அன்று கணக்குப் பார்த்தோர் சிலரே. தம் தொடக்கம் மதிக்கப்படவில்லை என முறையிடுவோர், பிறர் தொடக்கத்தைத் தாம் மதித்தனரா என்றும் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். இவ்வினா முன்னைய அநீதியை நியாயமாக்காது. அதனை அளக்கும் அதே அடிமட்டத்தால் தம் வீட்டையும் அளக்கச் சொல்கின்றது.

2001 ஆம் ஆண்டு முதலாகப் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி முறை பயன்படுகின்றது. இதுவும் ஒரு நேர்கோடே. பெற்ற புள்ளியிலிருந்து பாடத்தின் இடையைக் கழித்து நியம விலகலால் வகுத்தால் இசட் புள்ளி பெறப்படும். இடை 48, நியம விலகல் 16 எனக் கொண்டால், 48 பெற்றவருக்கு 0. 80 பெற்றவருக்கு 2. 32 பெற்றவருக்கு மறை 1. படித்திறன் பதினாறில் ஒன்று; வெட்டுத்துண்டு மறை 3. கடினமான பாடத்தையும் எளிதான பாடத்தையும் ஒரே தராசில் நிறுத்தற்கு இது தக்க கருவியே. ஆயினும் பழைய வினா மீண்டும் எழாமலில்லை. 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் தோற்றினர். அவர்களை ஒரே தொகுதியாக இணைத்துக் கணித்த முறை வழக்குக்கு உள்ளானது. 2012 இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை ஏற்காது, இரு வேறு தொகுதிகளாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு பணித்தது. ஒரு கோடா, இரு கோடுகளா என்னும் வினா இம்முறை மொழியையோ இனத்தையோ பற்றியதாக இருக்கவில்லை. நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் உள்ள பெற்றோர் ஒரே கவலையோடு அதனைக் கேட்டனர். எவரை எவரோடு சேர்த்து இடை காண்பது என்பது கணிதத்துக்கு முந்திய தீர்மானம் என்பதையும், அத்தீர்மானம் நீதிமன்றத்திற் கேள்விக்குள்ளாக்கத்தக்கது என்பதையும் அவ்வழக்கு உணர்த்திற்று.

நேர்கோட்டின் சமன்பாட்டைக் காணுதல் பரீட்சையிற் சில புள்ளிகளைப் பெற்றுத்தரும் வினாவாக மட்டும் கருதப்படின் அதன் பெறுமதி பெரிதும் குறைந்துவிடும். மாற்றப்பட்ட புள்ளி எந்த முறையாற் பெறப்பட்டது என்பதை அறிய, முறை நேர்கோடாயின், மூலப்புள்ளியும் மாற்றிய புள்ளியும் தெரிந்த இரு மாணவர் போதும். அவ்விருவரும் ஒன்றாக அமர்ந்து படித்திறனையும் வெட்டுத்துண்டையும் கண்டுவிடலாம். மூன்றாமவர் வந்து அமர்ந்தால் அக்கோடு உண்மையில் எல்லாருக்கும் ஒரே வகையில் வழங்கப்பட்டதா என்பதையும் சோதிக்கலாம். அதிகாரபீடமொன்றின் அறிவிப்பை மூன்று மாணவர் ஒரு வரைபுத்தாளைக் கொண்டு பரிசோதிக்க முடியும் என்பது சிறிய செய்தியன்று. கணிதம் குடிமக்களுக்கு வழங்கும் உரிமைகளுள் அதுவும் ஒன்று.

அவ்வுரிமையோடு ஒரு கடமையும் பிணைந்துள்ளது. தமக்கு வசதியான இரு புள்ளிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றினூடே கோட்டை இழுத்து, அதனைத் தாளின் எல்லைக்கு அப்பாலும் நீட்டி, இதுவே வரலாறு என முழங்குதல் எல்லாச் சாராருக்கும் எளிதாகவே இருந்து வந்துள்ளது. கோட்டிலே அமையாத புள்ளியைக் கண்டு அதனை அழிப்பானால் அழித்துவிடாது, கோட்டையே மீண்டும் ஆராயத் துணிவது அரிது. ர = ய + 21 என்னும் அழகிய சமன்பாட்டை உயிரியல் விஞ்ஞானத்தின் 184 மறுத்தது போல, ஒவ்வொரு சமூகத்தின் அழகிய கதைக்கும் எங்கோ ஒரு மூன்றாவது புள்ளி காத்திருக்கின்றது. அதனைத் தேடிச் சென்று குறித்துப் பார்க்கும் பழக்கத்தைப் பல்கலைக்கழகம் தன் மாணவரிடம் வளர்க்குமாயின், தமிழில் அச்சேறிய வீசகணிதத்தின் நோக்கம் நிறைவேறியதெனலாம்.